முருகைக்கல்லும் மலைநாட்டுப் பிள்ளைகளும்

மொனராகலையைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும், அதற்கு மேலே பதுளை வரை அடுக்கடுக்காக எழும் தேயிலை மலைகளிலும் வாழும் பிள்ளைகள், தங்கள் பாடப்புத்தகத்தில் முருகைக்கற்பாறைகளுக்கு நேர்ந்துள்ள ஆபத்துகளைப் பற்றிய பாடத்தை எட்டும்போது, அதை யாரோ ஒரு கரையோரத்தாரின் துயரமாகவே வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். வர்ண மீன்களின் சித்திரத்தைக் காட்டி, இவை அழிகின்றன, இவற்றைக் காக்க வேண்டும் என்று உபாத்தியாயர் சொல்லி முடித்துவிட்டால், கடலைக் கண்டிராத பிள்ளைக்கு அதில் பரிதாபம் பிறக்குமேயொழிய சம்பந்தம் பிறவாது. அந்தச் சம்பந்தத்தைக் காட்டத்தக்கது விஞ்ஞானத்தைவிடச் சரித்திரமே என்பது என் துணிபு. ஏனெனில், இலங்கையின் முருகைக்கல் மனிதன் கைபட்டே குறைந்தது. அந்தக் கைகளுள் மலைநாட்டில் மண்ணைக் கொத்தியவையும் உண்டு.

முருகைப் பாறை என்பது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு பிராணிகள் கூட்டமாய் வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தம் உடலுக்கு அடியிலே கல்லாய்ப் படியவைத்துப் பன்னூறு ஆண்டுகளில் எழுப்பும் கட்டடம். பருத்துத் திரண்ட வகைகள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே வளரும். இவ்வளவு மெதுவாய் எழுந்த கல்லை நம் முன்னோர் வெகு சீக்கிரத்தில் செலவிட்டார்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும், காலிக் கோட்டையின் சுவர்களிலும், நெடுந்தீவில் வீட்டுக்கு வீடு அடுக்கிவைத்த வேலிகளிலும் அதைக் காணலாம். கல்லாகச் செலவானதைக் காட்டிலும் சுண்ணாம்பாகச் செலவானதே அதிகம். கட்டடச் சாந்துக்கும், வெள்ளையடிப்புக்கும், தாம்பூலத்துக்கும் வேண்டிய சுண்ணாம்பைத் தெற்குக் கரையோரச் சூளைகள் தலைமுறை தலைமுறையாக அளித்து வந்தன.

சூளைத் தொழிலின் முறை எளிது. முருகைக்கல்லையும் விறகையும் மாறி மாறி அடுக்கித் தீ மூட்டினால், கல்லிலுள்ள கரியமிலவாயு வெளியேறி வெந்த சுண்ணாம்பு எஞ்சும்; அதன்மேல் நீர் தெளித்தால் கொதித்துப் பொடியாய் உதிரும். அம்பலாங்கொடை, அக்குறல, ஹிக்கடுவை முதலிய இடங்களில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் இதனால் அடுப்பெரித்தன. கடல் மட்டம் இன்றையினும் உயர்ந்திருந்த புராதன காலத்தில் வளர்ந்து, பின்னர் நிலத்தில் புதையுண்ட முருகையை அக்குறலப் பகுதியில் தோண்டித் தோண்டி, வயலாயிருந்த இடமெல்லாம் நீர் தேங்கிய குழிகளாயின. 1984இல் எடுத்த கணக்கு ஒன்று, தெற்கு, தென்மேற்குக் கரையோரச் சூளைகளுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 18,000 தொன் முருகைக்கல் போய்ச் சேர்வதாகக் காட்டிற்று. அதிற் பெரும்பங்கு நிலத்தினின்றும் கரையினின்றும் எடுத்தது. கடலிலிருந்து நேரே பெயர்த்தது சிறு பங்கே. ஆனால் உயிரோடிருந்தது அந்தச் சிறு பங்குதான். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே இருந்தது; முருகை அகழ்வதைக் கரையோர வலயத்தில் தடுத்த அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் இக்கணக்கின் பின்னணியில் எழுந்தது.

சட்டம் வந்ததும் தொழில் உடனே ஓய்ந்துவிடவில்லை. சூளையை நம்பியவர்களுக்குப் பிறிதொரு ஜீவனோபாயம் வேண்டியிருந்தது. விவசாய நிலம் கொடுத்து அவர்களைக் குடியேற்றும் முயற்சி பெரும்பலன் அளிக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இந்தப் பழைய கதையின் விலை கணக்கிடப்பட்டது. முருகை பெயர்க்கப்பட்டிருந்த பெரலியக் கரையில் ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்தில் எழுந்த நீர் 1.5 கிலோமீற்றர் உள்ளே புகுந்ததென்றும், பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றரளவில் நின்று 50 மீற்றருக்கு அப்பாற் செல்லவில்லையென்றும் பின்னர் ஆராய்ந்தோர் எழுதினர். அந்தப் பெரலியவில்தான் சமுத்திராதேவி என்னும் புகையிரதம் 1,000 பேருக்கு மேற்பட்டோருடன் அழிந்தது. கடலடித் தரையின் அமைப்பு முதலிய வேறு காரணங்களும் அலையின் போக்கை மாற்றக்கூடியவையே. எனினும் கரைக்கு முன்னே நிற்கும் பாறை வீண்கல் அன்று என்பதற்கு இதைக் காட்டிலும் கடுமையான பாடம் வேண்டுவதில்லை.

இனி மலைக்கு வருவோம். ஊவாவின் காடுகளை வெட்டிக் காப்பி பயிரிட்ட துரைமார், செடிகளுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதபடி களை பிடுங்குவதையே நேர்த்தி என்று கருதினார்கள். காப்பியை ஒழித்த இலைத்துரு நோய் இத்தீவில் முதன்முதல் காணப்பட்ட இடம் ஊவாவின் மடுல்சீமையே. அது 1869ஆம் ஆண்டு. காப்பி போய்த் தேயிலை வந்தபின்னும் சுத்தக் களையெடுப்பு நெடுங்காலம் நீடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கங்காணியின் கண்காணிப்பில் சரிவெங்கும் கான் வெட்டினார்கள். ஆயினும் பருவமழை தோறும் மேல்மண் கரைந்து ஆற்றோடு போயிற்று. மண் காப்புக்கென்று 1951இல் ஒரு சட்டம் இயற்றப்படும் அளவுக்கு அந்த இழப்பு பெரிதாயிற்று.

கரைந்த மண் எங்கே போயிற்று? நமுனுகுல மலைத்தொடரில் பிறக்கும் மாணிக்க கங்கை, ஆடித் திருவிழாவில் தோட்டத்து மக்கள் தீர்த்தமாடும் கதிர்காமத்தைக் கடந்து, யால வனத்தினூடே சமுத்திரத்தைச் சேர்கிறது. இராவணன் எல்லை அருவியின் நீரும் வந்துசேரும் கிரிந்தி ஓயா வெல்லவாயை வழியாகவும், கும்புக்கன் ஓயா மொனராகலையை ஒட்டியும் அதே தென்கிழக்குக் கரைக்கு இறங்குகின்றன. முருகைப் பிராணியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகளுக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும். சேறு கலங்கிய நீரில் அந்த வெளிச்சம் எட்டாது. படிந்த சேறோ பிராணியையே மூடிவிடும். அந்தக் கரையிலே பெரும்பாலும் மணற்கற் பாறைகளும் அவற்றின்மேல் அங்கங்கே ஒட்டி வளர்ந்த முருகையுமே காணப்படுவதற்கு ஆறுகள் கொணரும் மண்ணும் ஒரு காரணம். அதே கடலில், கிரிந்தைக்கு அப்பாலுள்ள பெரும்பாறைத் தொடரருகே, சுழியோடி மைக் வில்சனுடன் 1961இல் நீந்தப்போன சிறுவர் இருவரின் கண்ணில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் பட்டன என்ற செய்தியைச் சொன்னால், பிள்ளைகளின் மனம் அந்தப் பாறைகளை நோக்கித் தானே திரும்பும்.

சூளையும் சேறும் உள்நாட்டுப் பாவங்கள். மூன்றாவது ஆபத்து உலகம் முழுவதற்கும் உரியது. 1998இல் கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியபோது, முருகைப் பிராணிகள் தம்முள் வாழ்ந்த நுண்பாசிகளை இழந்து வெளுத்தன. ஹிக்கடுவையில் உயிர்முருகையின் பரப்பு ஏறக்குறைய 47 வீதத்திலிருந்து 7 வீதமாகச் சுருங்கிற்று. அகழ்வைத் தடுத்த சட்டமும் காவலும் சூட்டைத் தடுக்கவில்லை. ஒரு நாட்டுச் சட்டத்தின் எல்லை எதுவரை என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டிய இடம் இது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகங்கள்மேற் சுமத்திய 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் காலத்தில், எழுத்தும் கணக்கும் கற்றாற் போதும் என்பதே அங்கு நிலவிய எண்ணம். இன்றோ மொனராகலையின் ஓர் உபாத்தியாயர், மழைக்குப்பின் ஆற்றுநீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்துவந்து மேசைமேல் வைத்து, மாலைக்குள் அடியிற் படியும் மண்ணை அளக்கச் செய்து பாடத்தைத் தொடங்கலாம். முருகைக்குப் பதிலாகச் சுண்ணாம்புக்கு உதவும் பளிங்குச் சுண்ணக்கல் மாத்தளை, கண்டி, பதுளை, வெலிமடை ஆகிய உள்நாட்டுப் பகுதிகளில் கிடைக்கிறது என்பதையும் அவர் சொல்லவேண்டும். மலை தன் மண்ணால் முருகைக்குத் தீங்கு செய்ததுபோலவே, தன் கல்லால் அதைக் காக்கவும் வல்லது. மலைநாட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடத்திலுள்ள பங்கும் பொறுப்பும் இவ்விரண்டுமே.