பாலாற்றின் ஊற்றுக்கால்கள்

மணலுக்கடியில் ஓடும் நதி பாலாறு. கோடையிலும் ஊற்றுக்கால் வெட்டி நம் முன்னோர் அதன் நீரை வயலுக்குக் கொணர்ந்தனர். ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் 1970-களுக்குப் பின் குரோமிய உப்புகள் பெருகின; மணல்வழியே கிணறுகளில் இறங்கின. யாக்கோபின் கிணற்றில் தலைமுறைகள் பருகின. நமக்கு வாய்த்த கிணறுகளில் பல உப்புக் கரிக்கின்றன.

சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதென்னும் ஆய்வை 1996 ஆகஸ்ட் 28-இல் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இயற்கையை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. தோல் தொழிலால் உண்ணும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. ஆகவே எழுதக் கை தயங்குகிறது. 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மீட்புக் குழு அமைக்கப் பணித்தது. இடையில் கழிந்தவை 28 ஆண்டுகள். இன்றே கழிவு நின்றாலும், மணலடியில் தங்கிய உப்பைப் பல பருவத்து வெள்ளங்கள் கழுவ வேண்டியிருக்கும்.