கறிக்கடைக்குப் பின்னால் பிறந்த கார்



பெட்டியில் அலமாரி வந்து இறங்கினால், திருப்புளியும் கையுமாக வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிடுவதை நம் குடியிருப்பிலேயே பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் காரையே அப்படி விற்ற காலம் ஒன்று இருந்தது. காரணம் வரி.

அங்கே புதுக் காரை முழுதாக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. 1959 பட்ஜெட்டில் 60 சதவீதத்திலிருந்து குறைத்த பிறகும் மொத்த விற்பனை விலையில் 50 சதவீதம்! உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. இதனால் பல சின்னக் கம்பெனிகள் முளைத்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது கில்பெர்ன்.

வேல்ஸில் பான்டிபிரித் அருகே கறிக்கடை வைத்திருந்தவர் ஜைல்ஸ் ஸ்மித். பெர்னார்ட் ஃப்ரீஸா ஃபைபர் கிளாஸ் வேலை தெரிந்த ஜெர்மானியப் பொறியாளர். ஸ்மித்துக்குத் தனக்கென்று ஒரே ஒரு கார் கட்டிக்கொள்ளத்தான் ஆசை. கறிக்கடைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் உருவான அந்தக் கார் நன்றாக வந்துவிடவே, 1959இல் அதையே தொழிலாக்கினார்கள். ஆங்கில எழுத்தில் இருவர் பெயர்களின் முன்பகுதியையும் ஒட்டினால் கில்பெர்ன். பிறகு பட்டறை பழைய நிலக்கரிச் சுரங்க வளாகம் ஒன்றுக்கு மாறியது. காரின் சின்னம் வேல்ஸின் சிவப்பு டிராகன்.

இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் ஃபைபர் கிளாஸ் உடல். பெயின்ட், இருக்கை எல்லாம் முடித்தே கொடுப்பார்கள். எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு, சக்கரம் இவற்றைப் பூட்டுவதுதான் வாங்கியவர் வேலை. இதை நான் வரி ஏய்ப்பு என்று சொல்லமாட்டேன். சட்டமே விட்டுவைத்த இடைவெளி. ஆனால் அரசு நினைத்தால் மூடிவிடக்கூடிய இடைவெளியை நம்பி நடக்கும் வியாபாரத்துக்குக் கடன் கொடுக்க எந்த மேனேஜரும் யோசிப்பார்.

யோசித்தபடியே நடந்தது. 1962 முடிவதற்குள் வரி 25 சதவீதமானது. முழுக் காருக்கும் கிட்டுக்கும் இடையிலிருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. கில்பெர்ன், ஃபோர்டு வி-6 எஞ்சினோடு ஜீனி, பிறகு இன்வேடர் என்று பெரிய, விலை கூடிய கார்களுக்குப் போனது. 1968இல் நிறுவனம் கைமாறியது. பிறகு நிறுவனர்கள் இருவருமே விலகினார்கள். 1973 ஏப்ரல் 1 அன்று வாட் வந்தது. ஜி.எஸ்.டி. வந்த நாளில் நம் கடைக்காரர்கள் முழித்தது நினைவிருக்கும். இனி கிட்டுக்கும் வரி. அந்த ஆண்டிலேயே கில்பெர்ன் தயாரிப்பு நின்றது.

வாட் மட்டுமே கொன்றது என்பது பாதிக் கணக்கு. அதே 1973இல்தான் கேட்டர்ஹாம், லோட்டஸ் செவன் காரின் உரிமையை வாங்கியது; இன்றும் கிட்டாக விற்கிறது. அது வண்டியைச் சிறிதாகவே வைத்துக்கொண்டது. பெரிய கம்பெனிகளோடு போட்டி போடும் சொகுசுக் காராக மாறப் பார்த்தது கில்பெர்ன். முதல் அங்கே போதவில்லை என்பது என் கணிப்பு.

மொத்தம் ஏறத்தாழ 1000 கார்கள். மிச்சமிருப்பவற்றை ரசிகர் மன்றத்தினர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஃபைபர் கிளாஸ் உடல் துருப்பிடிக்காது. அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்துக்குத்தான் அவ்வப்போது வெல்டிங் தேவைப்படுகிறது.