திரையில் வந்த நல்ல கள்வன்

அபிராமபுரத்தில் என் இல்லத்தில் ஒரு நாள் மாலை, என் பேரன் மேனாட்டுக் கொள்ளைப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கள்வர் தப்பியதும் கைதட்டிவிட்டு, "தாத்தா, திருடன் ஜெயிக்கணும்னு நாம ஏன் ஆசைப்படறோம்?" என்று கேட்டான். அவனுக்குக் கூறிய விடையையே நேயர்களுக்கும் கூற விழைகின்றேன்.

நம் மொழியில் இவ்வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, 1954இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவலைக் கோவை பட்சிராஜா நிறுவனத்தார் படமாக்கினர். இயக்கியவர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, தலைமைப் பாத்திரங்களை ஏற்றோர் எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற அப்படம், மறு ஆண்டே 'ஆசாத்' என்னும் பெயரில் இந்திக்கும் சென்றது.

இக்கதையில் கள்வன் எளியோர்க்கு உதவுகிறான். ஊரில் பெரிய மனிதராக உலவுவோரே கொடியோராய் இருக்கின்றனர். அப்துல் ரஹீம் என்னும் முஸ்லிம் வணிகராக வேடம் பூண்டு அவன் ஊருக்குள் வருகிறான். பிரிவினையின் புண் ஆறாத அந்நாளில், மக்கள் மதிக்கும் மனிதராக அவ்வணிகரைக் காட்டியது சிறிய செயலன்று.

சிறுவனாக இருந்தபோது நானும் இப்படத்துக்குக் கைதட்டியவனே. பின்னாளில் எங்கள் தெருவில் இரவுக் காவல் புரிந்த முதியவர் ஒருவர் சொன்ன சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. "கடைசியில அவன் பெரிய வீட்டுப் பிள்ளைன்னு காட்டிட்டாங்களே, ஐயா! எங்கப்பாவுக்கு அப்படி ஒரு முடிவு வரலையே" என்றார் அவர்.

அவர் கூறியது மெய்யே. படத்தின் முடிவில் கள்வன், நாயகியின் காணாமற்போன அத்தானாகிய குமாரவீரன் என்று தெரிகிறது, பழி நீங்குகிறது. ஆனால் 1871இல் வடபுலத்தில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, பிறப்பினாலேயே பலர் கள்வராக எண்ணப்பட்டனர். கைரேகை வைப்பதும், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெறுவதும், இரவிலே காவல் நிலையத்தில் படுப்பதும் அவர்தம் வாழ்வாயின. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்தோர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. இரண்டே ஆண்டுகளில் திரையில் ஒரு கள்வனைப் போற்றினோம். மெய்யாகவே கள்வரென முத்திரை குத்தப்பட்டோரை அக்கதையில் தேடினோமில்லை.

ஏழை பங்காளனாக அன்று திரையில் தோன்றியவர் 1977இல் முதலமைச்சரானார். திரையின் ஆற்றல் அத்தகையது.

விசாரணையின்றிக் கள்வனென்று கொல்லப்பட்ட கோவலனின் கதையை நாம் மறந்தவரல்லேம். ஆகவே பேரனிடம் இவ்வாறு சொன்னேன்: "சட்டத்திலே நியாயம் கிடைக்காதபோது நம்ம மனசு திருடன் பக்கம் சாயுது, கண்ணா. ஆனா கைதட்டறதுக்கு முன்னே, அவனைத் திருடன்னு முதல்ல சொன்னது யாருன்னு கேட்டுப் பாரு."