ஈடும் பிணையும்: காஞ்சி நெசவாளர் கடனின் கதை

ஆங்கிலக் கடன் பத்திரங்களில் ‘செக்யூரிட்டி’, ‘ஷூரிட்டி’ என்ற இரண்டு சொற்கள் அருகருகே வரும். பார்வைக்கும் காதுக்கும் ஒன்றுபோல இருக்கும். இரண்டுக்கும் லத்தீனில் வேரும் ஒன்றே. முதலாவது ஈடு: நிலம், நகை, வீட்டுப் பத்திரம் என்று கடனுக்குக் காட்டும் பொருள். இரண்டாவது பிணை: வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஜாமீன் கையெழுத்துப் போடும் ஆள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 141ஆம் பிரிவில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கடன் கொடுத்தவர் கையில் உள்ள ஈட்டின் பயன் பிணை நின்றவருக்கும் உரியது. அந்த ஈட்டைக் கடன் கொடுத்தவர் கைநழுவ விட்டால், அதன் மதிப்பளவுக்குப் பிணையாளியின் பொறுப்பு நீங்கிவிடும். காஞ்சிபுரத்து நெசவாளர் கடனின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடுதான் திறவுகோல். ஈடு காட்ட வழியில்லாத தொழிலாளிக்கு, முதலாளியின் தயவைத் தாண்டிக் கடன் கிடைக்கப் பிணை ஒன்றே வழியாக இருந்தது.

கூலிக்கு நெய்யும் ஒருவரின் வீட்டில் ஈடாக என்ன இருந்தது? தறிக்குழி இருந்தது. தறியில் ஏற்றிய பாவும், ஊடைக்கான பட்டும், ஜரிகையும் முதலாளி கொடுத்தவை. நெய்து அறுத்த சேலையும் அவரிடமே போய்ச் சேரும். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்வை நெய்ய இன்னொரு கை வேண்டும். அந்த ஆளுக்கும் கூலியில் பங்கு போகும். மிஞ்சுவது தறி. அதையும் கைவினைஞரின் கருவி என்று ஜப்தியிலிருந்து விலக்கி வைத்தது 1882ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பிழைப்பைக் காத்த நல்ல விதிதான். ஆனால் ஜப்தி செய்ய முடியாத பொருளை நம்பி வெளியார் யார் கடன் கொடுப்பார்? ஆகவே நெசவாளருக்குக் கடன் என்றாலே முதலாளியிடம் வாங்கும் முன்பணம் என்றானது. அது தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. பொருள் இல்லாதவரின் வருங்கால உழைப்பே ஈடாகிவிட்டது.

பிணை நிற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றை ஏற்ற இடையருக்கு மற்ற இடையர்கள் புணை (பிணை) நின்றதைக் கல்வெட்டுகள் பதிந்து வைத்திருக்கின்றன. காஞ்சியிலேயே இதற்கு நெருங்கிய சான்று உண்டு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொன்னைக் கச்சிப்பேட்டின் (காஞ்சியின்) சேரியார் வட்டிக்கு ஏற்ற ஏற்பாட்டை அது சொல்கிறது. பட்டசாலிகள் என்ற நெசவாளர் வாழ்ந்த சேரிகள் அவை. கோயில் பொன்னுக்குக் காவலாக நின்றது அந்தச் சேரியாரின் சொல்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்துக் கூட்டுறவு இயக்கம் இதே அடித்தளத்தைத் தேடி வந்தது. சென்னை அரசுக்காக பிரடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த இரண்டு தொகுதி அறிக்கை, ஜெர்மனியின் ராய்ஃபைசன் கிராமக் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதன் கீழ் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அந்த அக்டோபரிலேயே காஞ்சிபுரத்தில் பதிவானது. சட்டம் ஊரையும் நகரத்தையும் பிரித்தது. காஞ்சி நகரச் சங்கம் தன் உறுப்பினரின் பொறுப்புக்கு வரம்பு வைத்துக்கொள்ளலாம். முசரவாக்கம் போன்ற பக்கத்துக் கிராமத்தில் சங்கம் அமைத்தால் பொதுவிதி வரம்பற்ற பொறுப்பு; சங்கம் பட்ட கடனுக்கு உறுப்பினர் எல்லோரும் சொந்தச் சொத்தைக் கொண்டு பதில் சொல்ல வேண்டும். பட்டா நிலம் என்ற ஈடு கையில் இருந்த உழவரிடமும் சட்டம் கேட்டது பிணையைத்தான். நிலத்தை அடமானம் வைத்தால் நிலம் போய்விடும். ஒருவருக்கொருவர் பிணை நின்றால் கடனைத் திருப்பும் அக்கறை ஊர் முழுவதற்கும் வரும் என்பதே அதன் கணக்கு.

பிணையும் ஈட்டில் ஒரு வகைதானே, எதற்கு இத்தனை வேறுபாடு என்று கேட்கலாம். பயன் ஒன்றாக இருக்கலாம், விளைவு ஒன்றல்ல. அடகு வைத்த நகைக்குக் கடனாளி எப்படிப் பிழைக்கிறார் என்பது பொருட்டில்லை. பிணை நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பொருட்டு. தறி ஓடுகிறதா என்று கேட்பவர் அவர். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பிணைக்கு ஆள் கிடைப்பவர் ஏற்கெனவே ஊரில் மதிப்புள்ளவர், சாதியாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்டவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்? இது உண்மை. பணக்கடன் சங்கத்தால் மட்டும் முன்பணப் பிடி தளரவில்லை. 1912ஆம் ஆண்டுச் சட்டம் கடன் தவிர்த்த சங்கங்களுக்கும் இடம் தந்தது இதனால்தான் முக்கியமாகிறது. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா பெயர்களில் காஞ்சியில் வளர்ந்த பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினருக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, சேலையை வாங்கிக் கூலி தந்தன. உறுப்பினராக இருப்பதே அங்கே நம்பிக்கைக்கு ஆதாரம். தனியாக ஜாமீன்தாரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிணையின் குறையைத் தீர்த்ததும், பிணையின் கருத்தை இன்னும் விரித்த ஓர் அமைப்புதான்.

பிணை நிற்பதன் சுமையையும் மறைக்கக் கூடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கடனாளியிடம் முதலில் வசூலித்துவிட்டுத்தான் பிணையாளியிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1968இல் பாங்க் ஆஃப் பிகார் – தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்றும் தறி வீடுகளில் ஒருவருக்கொருவர் ஜாமீன் போடுகிறார்கள். கடன் கொடுக்கும் நிறுவனம் எதுவானாலும், கேட்பது ஈடா பிணையா, பிணை என்றால் எவ்வளவு தொகைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தமிழில் எழுதிக் காட்டிவிட்டே கையெழுத்து வாங்க வேண்டும். சொந்தப் பொருள் இல்லாத தொழிலாளருக்கு வழிவிட்டது சக மனிதரின் சொல். அந்தச் சொல்லைக் கொடுப்பவருக்கு, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க முழு உரிமை உண்டு.