அறை கிடைத்தது, பந்தி கிடைக்கவில்லை

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி என்றால் ஈடன் இந்து ஹாஸ்டலும் கூடவே நினைவுக்கு வரும். ராஜேந்திர பிரசாத் பீகாரிலிருந்து வந்து தங்கிப் படித்த விடுதி அது.

1911-இல் டாக்கா பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மேகநாத் சாஹா அங்கே வந்து சேர்ந்தார். சின்ன மளிகைக்கடைக்காரர் மகன். அறை கிடைத்தது. ஆனா, 'கீழ்சாதிக்காரனோடு ஒரே கூடத்தில் சாப்பிட மாட்டோம்' என்று மேல்சாதி மாணவர்கள் சிலர் முரண்டு பிடித்தார்கள். சரஸ்வதி பூஜையிலும் அவரை ஒதுக்கினார்கள். கல்வித் தெய்வத்துக்கு நடந்த பூஜை, பாருங்கள்! நம்ம சேரன்மாதேவி குருகுலத்தில் 1920-களில் மூண்ட சண்டையும் சாப்பாட்டுப் பந்தியில்தானே?

பிற்பாடு சாஹா காலேஜ் தெருவில் ஒரு மெஸ்ஸுக்குப் போனார். வங்காளத்து மெஸ் நம்மூர்ச் சாப்பாட்டுக்கடை அல்ல. சிலர் கூடி வீடு பிடித்து, சமைக்க ஆள் வைத்து, செலவைப் பங்கு போட்டுக்கொள்வது.

ஹாஸ்டல் தராத சொந்தத்தை வகுப்பறை தந்தது. சத்யேந்திரநாத் போஸ், பின்னாளில் காரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநரான ஞானசந்திர கோஷ் எல்லாம் உடன் படித்தவர்கள். 1915-இல் எம்.எஸ்ஸி. தேர்வில் போஸ் முதல், சாஹா இரண்டாவது. போட்டி நட்பைக் கெடுக்கவில்லை. இருவரும் பல்கலைக்கழக ஆசிரியர்களாகி, ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலமாக்கினார்கள். கல்லூரியில் ஒரு வருஷம் மூத்தவரான மஹலனோபிஸ் முன்னுரை எழுதினார். 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்தப் புத்தகத்தில் சாஹா, போஸ் பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன.