பெருக்குதல், துடைத்தல், தூசு தட்டுதல்

கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கும், கவனித்திருப்பீர்கள். தேதி, நேரம், கையெழுத்து என்று மூன்று கட்டம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியானாலும் சரி, திருவள்ளூர் பக்கம் ஏதோ ஒரு அரசு அலுவலகமானாலும் சரி, தாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கையெழுத்துப் போட்டவர் அந்தக் கட்டடத்தின் ஊழியரா, காண்ட்ராக்ட் ஆளா என்று சொல்ல மட்டும் அதில் கட்டம் கிடையாது. அந்தக் கட்டம் காணாமல் போன கதை ஐம்பது வருஷக் கதை.

அதற்கும் முன்னால் கொஞ்சம் போய் வரலாம். அரசுக் கட்டடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கவலை இந்தியாவில் பெரிய அளவில் எழுந்தது ராணுவக் குடியிருப்புகளை வைத்துத்தான். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள் என்றது 1863இல் வெளியான ராயல் கமிஷன் அறிக்கை. அதன் பின்னணியில் உழைத்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். மறு வருஷமே சென்னை உட்பட மூன்று மாகாணங்களுக்கும் சானிட்டரி கமிஷன்கள் வந்தன. ஒரு சிப்பாய்க்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள். கூட்டிப் பெருக்குவது யார் என்பதற்குக் கணக்கே தேவைப்படவில்லை. சாதி அதைப் பார்த்துக்கொண்டது.

பிறகு அந்த வேலை மெல்ல 'பதவி' ஆனது. இன்றும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் 'மசால்ச்சி' என்று ஒரு பதவி வரும். மஷால் என்றால் தீவட்டி. தீவட்டி பிடித்தவர், வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவுபவராகி, கடைசியில் கோர்ட்டின் கடைநிலை ஊழியரானார். சிரிப்பு வரும்தான். ஆனால் தீவட்டி அணைந்த பிறகும் அணையாத பதவி என்றால் சம்பள விகிதம் உண்டு, விடுப்பு உண்டு, ஓய்வு வயது உண்டு. கடைநிலையில் இருப்பவருக்கு அதெல்லாம் சின்ன விஷயமில்லை.

1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு வேலையில் காண்ட்ராக்ட் முறையையே தடைசெய்ய அதன் 10ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. வேலை வருஷம் முழுக்க நடப்பதா, நிறுவனத்துக்கு அவசியமானதா, முழுநேர ஆட்களுக்குப் போதுமான அளவு இருக்கிறதா என்பதையெல்லாம் அரசு முதலில் பார்க்க வேண்டும். 1976 டிசம்பர் 9, எமர்ஜென்சி நேரம். மத்திய அரசின் வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், துடைத்தல், தூசு தட்டுதல், காவல் காத்தல் ஆகிய நான்கு வேலைகளுக்கும் 1977 மார்ச் 1 முதல் காண்ட்ராக்ட் ஆள் கூடாது என்று ஓர் அறிவிக்கை வந்தது. சிறப்பு அனுபவம் தேவைப்படும் பலமாடிக் கட்டட வெளிப்புறச் சுத்தத்துக்கு மட்டும் விலக்கு. ஆவடி டாங்கி தொழிற்சாலை, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம் எல்லாம் மத்திய அரசின் வரம்பு. மாவட்ட ஆஸ்பத்திரியும் தாலுகா ஆபீஸும் மாநிலத்துடையவை. அந்த அறிவிக்கையால் அவற்றுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

கிடைத்தவர்களுக்கும் சும்மா கிடைக்கவில்லை. ஏர் இந்தியா கட்டடங்களைச் சுத்தம் செய்தவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்களை நேரடி ஊழியர்களாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1996 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஐந்து வருஷம்கூட முழுசாக நிற்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று, செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. காண்ட்ராக்ட் தடை செய்யப்பட்டாலும் தொழிலாளிக்கு வேலை தானாக உறுதியாகாது என்றது. ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியே பரிசீலிக்காமல் ஒட்டுமொத்தமாகப் போட்டது என்று சொல்லி 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தது.

கோட் எழுதுகிறவனாக எனக்கு அந்த ஆட்சேபணை புரிகிறது. இன்புட்டைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே விதி போட்டால் ரிவ்யூவில் நானும் திருப்பி அனுப்புவேன். ஆனா பாருங்க, எந்த ஆபீஸில் தூசு வருஷத்தில் ஆறு மாசம் மட்டும் விழுகிறது? எந்தக் கழிப்பறை சீசனுக்கு மட்டும் நாறுகிறது?

அதன்பிறகு நடந்தவை நாம் பார்க்க நடந்தவைதான். 2015இல் மத்திய அரசு 'காயகல்ப்' என்ற திட்டம் கொண்டுவந்து, அரசு ஆஸ்பத்திரிகளின் சுத்தத்துக்கு மார்க் போட்டு விருது கொடுக்க ஆரம்பித்தது. 2020இல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்பதை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் 5, 6ஆவது மண்டலங்களைச் சேர்ந்த அந்தத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியார் கைக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

பெயர் மாறிய அதே 2020இல்தான் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் 'மைய வேலை'யில் காண்ட்ராக்ட் கூடாது என்கிறது அது. நல்லதுதானே என்று அடுத்த வரிக்குப் போனால், எவையெல்லாம் மைய வேலை ஆகாது என்று ஒரு பட்டியல். முதலில் இருப்பது சுகாதார வேலை. அதற்கு விளக்கமாக 1976 அறிவிக்கையின் அதே சொற்கள், அதே வரிசையில்: பெருக்குதல், துடைத்தல், தூசு தட்டுதல். கூடவே குப்பை அள்ளுதலும் சேர்ந்திருக்கிறது. அன்று தடைக்காக எழுதிய சொற்கள் இன்று விலக்குக்கு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அந்த வேலைக்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம் என்றால் இந்த விலக்கு இல்லை. அப்படிப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் சுத்தம் மைய வேலை இல்லை. அது ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சிக்கு மட்டும்தான் மைய வேலை.