அசிசியில் திறந்த கதவு

கடவுள் நம்பிக்கையற்ற ஒருவர், இயேசுவின் வாழ்வைத் திரைப்படமாக்க உதவுமாறு நம்மிடம் வந்து கேட்டால் நாம் என்ன மறுமொழி கூறுவோம்? 1963ஆம் ஆண்டில் இத்தாலியக் கத்தோலிக்கர் சிலர் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியதாயிற்று. கேட்டவர் பியர் பாவ்லோ பசோலினி. கவிஞர், நாவலாசிரியர், திரைப்பட இயக்குநர். மார்க்சியர் என்பதை மறைக்காதவர்.

அந்த எண்ணம் அவருள் விழுந்தது அசிசி நகரில். 1962 அக்டோபர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்க ஒரு வாரமே இருந்த நிலையில், திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அதன் வெற்றிக்காக மன்றாட லொரேத்தோவிற்கும் அசிசிக்கும் திருப்பயணம் மேற்கொண்டார். அசிசியில் 1939இல் அருள்தந்தை ஜியோவான்னி ரோஸ்ஸி நிறுவிய 'ப்ரோ சிவிதாதே கிறிஸ்தியானா' என்னும் அமைப்பின் விருந்தினராகப் பசோலினி அப்போது அங்கே தங்கியிருந்தார். வீதியெங்கும் மக்கள் வெள்ளம். அறையிலிருந்த நற்செய்தி நூலைக் கையிலெடுத்தவர், மத்தேயு நற்செய்தியைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே மூச்சில் வாசித்தார். அதைப் படமாக்க வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது.

1963 பிப்ரவரியில் அவர் அந்த அமைப்பிற்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்து இறைமகன் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆயினும் அவரில் விளங்கிய மனிதம் மனித அளவுகளையே கடந்து நிற்கிறது என்றும், நற்செய்தியை அடிக்கு அடி பின்பற்றப் போவதாகவும் எழுதினார்.

தயங்குவதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. அடுத்த மாதமே, 'லா ரிக்கோத்தா' என்னும் அவரது குறும்படம் சமயத்தை இழிவுபடுத்தியதாகக் கூறி நீதிமன்றம் அவருக்கு 4 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது பிற்காலத்துச் செய்தி. அவரோடு சேர்ந்தால் தங்களுக்கும் பழி வரும் என்று அசிசியார் ஒதுங்கியிருக்கலாம். அவர்கள் ஒதுங்கவில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இசைவு அளித்துவிடவும் இல்லை. உடன் நடந்தார்கள். விவிலிய அறிஞரான அருள்தந்தை அந்திரேயா கர்ராரோ 1963 கோடையில் அவரோடு புனித நாட்டிற்குச் சென்றார். அங்கே புதுமையின் சுவடுகள் மிகுந்திருக்கக் கண்ட பசோலினி, தென்னித்தாலியின் வறண்ட குன்றுகளையும் மத்தேரா நகரின் குகை வீடுகளையும் தெரிந்துகொண்டார்.

இயேசுவாகத் தோன்றியவர் நடிகரல்லர். என்ரிக்கே இராசோக்கி என்னும் ஸ்பானிய மாணவர். முதிய வயது அன்னை மரியாவாக இயக்குநரின் சொந்தத் தாய் சுசான்னா நின்றார். சுற்றிலும் ஏழை எளியோரின் முகங்கள். உரையாடல்கள் மத்தேயுவின் சொற்களே.

1964இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அப்படம் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும், சர்வதேசக் கத்தோலிக்கத் திரைப்பட அலுவலகத்தின் விருதையும் பெற்றது. 1963 ஜூன் 3 அன்று மறைந்த 23ஆம் அருளப்பரின் இனிய நினைவுக்கே பசோலினி அதைக் காணிக்கையாக்கியிருந்தார். திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

பசோலினி மனம் திரும்பித் திருச்சபைக்கு வந்தார் என்று இவ்வரலாற்றை முடிக்க இயலாது. அவர் மார்க்சியராகவே இருந்தார். பின்னர் எடுத்த படங்களில் சில நமக்கு வேதனை தருபவை. அவ்வாறாயின் அசிசியார் செய்தது வீணா? அவரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதற்காக அவர்கள் கதவைத் திறக்கவில்லை. நற்செய்தியால் தொடப்பட்ட ஒருவரின் ஆர்வம் நேர்மையானதா என்று பார்த்தார்கள், நேர்மையெனக் கண்டு துணைநின்றார்கள். சவுலை நாடிச் செல்லத் தயங்கிய அனனியாவும் தயக்கத்தோடேதான் புறப்பட்டார்.

நம் பங்குகளிலும் குழுக்களிலும் "இவருக்கு இதில் என்ன உரிமை?" என்னும் கேள்வி அடிக்கடி எழுகிறது. தயங்குவது தவறன்று. ஆனால் வந்தவர் கையில் கொண்டுவந்திருப்பதைப் பார்க்குமுன் கதவை அடைத்துவிட்டால், அவரோடு கூட நற்செய்தியையும் வெளியே நிறுத்திவிடக்கூடும்.